தராசு ஆபீசரின் நூறாவது அடி

என் அக்கா வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடுகிறார் என்று வெளியில் சொன்னால், கேட்பவர் உடனே நிமிர்ந்து உட்காருகிறார். பங்களா, வாசலில் இரண்டு கார், வேலைக்கு நாலு ஆள் என்று அவர் மனதில் ஒரு படம் ஓடுகிறது. அதை அழிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். அத்தான் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அவர் ஆடுகிற மைதானம் நகராட்சிக்குச் சொந்தமானது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. பதினோராவது குழிக்குப் பக்கத்தில் நின்றால் டீசல் வாசனை வரும். மட்டைகள் யாரோ ஆடி வெறுத்துப்போய்த் தள்ளிவிட்டவை.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கிளட்ச்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொள்கிறவர்களோடு வாரத்தில் ஆறு நாள் கத்திக் கத்தியே என் குரல் இப்படி ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற ஒரு நாளும் அத்தானின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போவதில் கழிகிறது. ஒருநாள் அவருக்கு முதுகுப் பிடிப்பு. 'இன்னைக்கு மட்டும் நான் தூக்குறேன் அத்தான்' என்று வாயைக் கொடுத்தேன். அந்த 'இன்னைக்கு' ஒன்பது வருடமாக நீள்கிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தானிடம் கேட்டால் பொழுது போய்விடும். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தைத் தள்ள எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணிக் கடைசியில் கூட்ட வேண்டும். குறைய அடித்தவன் கெட்டிக்காரன். எங்கள் மைதானத்தில் நன்றாக ஆடுகிறவர்கள் எழுபத்தைந்து, எண்பதில் முடிப்பார்கள். நூறுக்குக் கீழே வந்தால் ஆள் ஆடுகிறான் என்று அர்த்தம். நூறும் அதற்கு மேலும் என்றால் ஆள் நடக்கிறான் என்று அர்த்தம். அத்தான் பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்தார். நூற்றொன்று வரை மூன்று முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

பதினோரு வருடமாக எல் போர்டு மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவரை நான் என் ஸ்கூலில் பார்த்ததில்லை. ஆனால் கருத்து என்று வந்துவிட்டால் அத்தான் உலக சாம்பியன். காசு கொடுத்து வாங்கின பந்தைவிடப் புதரில் கண்டெடுத்த பந்து இருபது கஜம் கூடப் போகும் என்பார். மழை நியாயமானது, எல்லார் மேலேயும் ஒரே மாதிரி பெய்கிறது. காற்று அப்படியில்லை, ஆள் பார்த்து அடிக்கிறது என்பார். பாட்டு முனகுகிறவனோடு ஆடவே கூடாது. 'இன்னைக்கு எனக்குத் தோள் வலி' என்று முதல் குழியிலேயே சொல்கிறவனை எதிலும் நம்பக் கூடாது. அடுத்தவன் நல்லா அடிக்கிறதைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் அவன் அடிக்கும் அழகு நமக்கு ஒட்டாது, அவன் செய்கிற தப்பு மட்டும்தான் ஒட்டும். இதில் எதையுமே அவர் கடைப்பிடித்து நான் கண்டதில்லை. எல்லார் அடிப்பதையும் கண் கொட்டாமல் பார்ப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதும் செய்வதும் ஒன்று. குழிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் பந்து நின்றுவிட்டால், கூட ஆடுகிறவர் பெருந்தன்மையாக, 'அது எப்படியும் உள்ளே போயிரும், எடுத்துக்கோங்க சார்' என்பார். அத்தான் எடுக்க மாட்டார்.

"ஒரு சாணா இருந்தா என்ன, ஒரு விரக்கடையா இருந்தா என்ன? போகலைன்னா போகலைதான்" என்று குனிந்து நின்று அடிப்பார். சில சமயம் அந்த ஒரு சாணும் போகாது. அப்போது நான் மரங்களைப் பார்ப்பேன்.

வேலையிலும் இதே கதைதான். எங்கள் பகுதி பேக்கரிக்காரர் ஒருவர், அவரும் எங்கள் மைதானத்தில்தான் ஆடுகிறார், அவர் கடைத் தராசில் தகராறு. சோதித்ததில், அது வாங்குகிறவர்களுக்கு எடை கூடக் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு வருடமாக நஷ்டப்பட்டவர் பேக்கரிக்காரர். பாவம் என்று விடுவார் என்று பார்த்தால், அவருக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டார் அத்தான். தப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்புதானாம். அன்றிலிருந்து அத்தானைக் கண்டாலே பேக்கரிக்காரர் சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொள்வார்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை எண்ணுகிற வேலை. அவர்கள் மகள் வேலை கிடைத்து வேறு ஊர் போனதும் ஓர் அறை காலியானது. அக்கா மனதில் ஓர் ஆசை. கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், தினமும் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மகள் ரயில் ஏறின மறுநாளே அத்தான் அங்கே பச்சைக் கம்பளத்தை விரித்து, ஒரு முனையில் டம்ளரைப் படுக்கப் போட்டுவிட்டார். பந்தை மெதுவாகத் தட்டி டம்ளருக்குள் அனுப்பும் பயிற்சி. இரண்டாம் மாடியிலிருந்து புகார் வந்தது. மகள் பரிசாக வாங்கின மேஜை விளக்கு உடைந்தது.

அதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். அவளுக்குத் தாங்காதது, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற மனிதர். சேறான காலோடு வருவார். எத்தனை என்று கேட்டால் 'நூத்திப் பத்து' என்பார், அதோடு சரி. தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். பேசினால் ஏழாவது குழியைத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்.

"பிடிக்காத வேலைக்குப் போற மாதிரி போயிட்டு, அடி வாங்கின மாதிரி வர்றார். இதுக்குப் பேரு விளையாட்டா?" என்பாள் என்னிடம்.

போன வருடம் ஒரு ராத்திரி சாப்பாட்டில் அது வெடித்தது. அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த வருஷப் போட்டியில நீங்க நூறுக்குக் கீழ அடிச்சுட்டா, அந்த ரூம் உங்களுக்கு, சனிக்கிழமையும் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். அடிக்கலைன்னா ரூம் எனக்கு. மட்டையெல்லாம் யார்கிட்டயாவது கொடுத்துட்டு நிறுத்திடணும்."

"நிறுத்திடணும்னா?"

"நிறுத்திடணும்னா நிறுத்திடணும்."

அத்தான் ஒரு நிமிடம் யோசித்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சரி" என்றார். கடைக்காரர்களிடம் வாக்குமூலம் வாங்கி வாங்கி, சொன்ன சொல்லை விழுங்கத் தெரியாமல் போன மனிதர். இனி இவர் ஆடுவது இந்தப் போட்டியோடு முடிந்தது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பை தூக்குவதிலிருந்து விடுதலை என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நம் அடிகளை நாமே எழுதக் கூடாது. கூட ஆடுகிறவர் நம் அட்டையில் எழுதுவார், அவருடையதை நாம் எழுதுவோம். முடிந்ததும் நம் அட்டையை வாங்கிச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுக் கமிட்டி மேஜையில் கொடுக்க வேண்டும். போட்டியன்று குலுக்கலில் அத்தானோடு ஆட வந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பேக்கரிக்காரர் பென்சிலைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், பரீட்சை எழுத வந்த பிள்ளை தோற்றுவிடும்.

அன்றைக்கு அத்தானுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பந்து போகச் சொன்ன இடத்துக்குப் போனது. ஏழாவது குழியை நாலே அடியில் முடித்துவிட்டு, நம்பாமல் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு குழி முடிந்ததும் தன் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிவிட்டு, சட்டைப்பைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டே வந்தார்.

பதினான்காவது குழியில் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. ஆள் மட்டத்துக்கு ஆழமான பள்ளம். அத்தான் உள்ளே இறங்கினார். நான் பின்னால் நின்றேன். பேக்கரிக்காரர் மேட்டுக்கு அந்தப் பக்கம். அத்தான் மணலில் படாமல் வெறும் காற்றில் ஒருமுறை வீசிப் பார்த்தார். அது ஒத்திகை, கணக்கில் வராது. பிறகு அடித்தார். மணல் பறந்தது, பந்து எழும்பியது, குழியிலிருந்து இரண்டடியில் போய் நின்றது. மொத்தம் ஆறு அடியில் முடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். குறிப்பேட்டில் எழுதினவர், சந்தோஷத்தில் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல மறந்து, அடுத்த குழியைப் பார்த்து நடந்துவிட்டார்.

பதினெட்டாவது குழியில் பந்து விழுந்த சத்தம் கேட்டதும் குறிப்பேட்டைத் திறந்தார். கூட்டினார். கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டினார். என்னிடம் நீட்டினார். நானும் கூட்டினேன். தொண்ணூற்றொன்பது.

பதினோரு வருடம். ஆள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, எதற்கு ஒளிக்க வேண்டும்? போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "தொண்ணூத்தொம்பது" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். அந்த நேரம் பேக்கரிக்காரர் அட்டையைக் கொண்டுவந்து பணிவாக நீட்டினார். ஒரு கையில் போன், மறு கையில் பேனா. உலகத்தில் எந்தக் கடையிலும் ரசீதை மூன்று தரம் படிக்காமல் நகராத மனிதர், அட்டையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பேக்கரிக்காரரே அதை மேஜையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மேஜையில் இருந்த பெண்மணி கால்குலேட்டரில் தட்டினார்.

"நூறு" என்றார்.

"தொண்ணூத்தொம்பது" என்றார் அத்தான், சிரித்துக்கொண்டே.

அந்த அம்மாள் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பதினான்காவது குழிக்கு நேரே ஏழு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், மேட்டுக்கு அந்தப் பக்கத்திலேருந்து எனக்கு மட்டை தலைதான் தெரிஞ்சுது. ரெண்டு தரம் மேல வந்துச்சு. ஒண்ணு ஒத்திகையா, அடியான்னு தெரியலை. நீங்களும் சொல்லலை. குறைச்சு எழுதி மாட்டிக்கிறதைவிட ஒண்ணு கூடவே இருக்கட்டும்னு... அப்புறம் கேட்டுக்கலாம்னு நினைச்சேன். நீங்க போன்ல இருந்தீங்க."

உண்மையில் அடித்ததைவிடக் கூட எழுதின அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அந்தக் கூட எழுதினதுதான் நிற்கும். விதி அது. நான் சும்மா இருப்பேனா? மேஜையைத் தட்டினேன். நான் கண்ணால் பார்த்த சாட்சி, ஆறுதான், மணலில் போய்க் கால்தடத்தைப் பாருங்கள் என்று டிரைவிங் ஸ்கூல் குரலில் கத்தினேன். நாலு மேஜை திரும்பிப் பார்த்தது.

"விதிப் புத்தகம் காட்டட்டுமா சார்?" என்று அந்த அம்மாள் அத்தானைக் கேட்டார்.

"வேண்டாம்மா. எனக்குத் தெரியும்." என் தோளைப் பிடித்து இழுத்தார். "வா மாப்ளே. கையெழுத்து என்னோடது."

வீடு வரும்வரை நான்தான் பேசினேன், பாதி அந்த அம்மாளைத் திட்டி, பாதி பேக்கரியை. அத்தான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்த அக்கா முகத்தில் தோற்றவளின் சிரிப்பு. அறை தனக்குத்தான் என்று காலையிலேயே அங்கே கொண்டுபோய் வைத்திருந்த தன் நாற்காலியை, போன் வந்ததுமே எடுத்து ஹாலில் போட்டிருந்தாள். மகளுக்கும் சொல்லிவிட்டிருந்தாள்.

"நூறு" என்றார் அத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்த அறைக்குப் போனார். கம்பளத்தைச் சுருட்டினார். டம்ளரைக் கழுவிச் சமையலறையில் வைத்தார். மட்டைகளைத் துடைத்துப் பையில் போட்டு வாசலில் நிறுத்தினார். ஹாலில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அறைக்குள் போட்டார்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் விசாரித்தாள். சொன்னேன். அவள் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் கேட்கக் கேட்க அவள் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"அடிச்சது தொண்ணூத்தொம்பதுதானே? எனக்கு அது போதும். எடுத்து உள்ள வைங்க."

"கார்டுல நூறு. கையெழுத்துப் போட்டாச்சு."

"பந்தயம் வெச்சது நான்."

"ஒத்துக்கிட்டது நான்."

இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக நிறுத்து என்றவள் ஆடு என்கிறாள். ஆடுவதற்காகவே உயிரை வைத்திருந்தவர் மாட்டேன் என்கிறார். ராத்திரி பையை அக்கா உள்ளே எடுத்து வைத்தாள். காலையில் அது மறுபடி வாசலில் இருந்தது. மத்தியானம் வரை அதே கதை. கடைசியில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சரி. நிறுத்துங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். நூறுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அடிச்சது தொண்ணூத்தொம்பது. மிச்சம் ஒண்ணு எங்க?"

அத்தான் விழித்தார்.

"டாக்டர் நூறு மாத்திரைன்னு எழுதி, நான் தொண்ணூத்தொம்பது எண்ணிக் கொடுத்தா என்னைச் சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க."

"அப்போ போய் அந்த ஒண்ணையும் அடிச்சுட்டு வந்து நிறுத்துங்க. குறை வெச்சுட்டு நிறுத்தினீங்கன்னா, ஆயுசு முழுக்க அந்த ஒண்ணைப் பத்தியே நான் கேட்டுட்டு இருக்கணும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அத்தான் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "நியாயம்தான்" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பேரும் போனோம். சரியாக நடக்கிறதா என்று தானே பார்க்க வேண்டும் என்று அக்காவும் கிளம்பிவிட்டாள். அந்த மைதானத்தில் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. போட்டி முடிந்த மறுநாள் என்பதால் ஆள் நடமாட்டமே இல்லை. பதினான்காவது குழி, அதே மணல் பள்ளம். அத்தான் இறங்கிப் பந்தை வைத்தார். ஒத்திகை பார்க்கவில்லை. நேரே அடித்தார்.

பந்து பள்ளத்தின் விளிம்பில் முட்டி, உருண்டு, அவர் காலடிக்கே திரும்பி வந்தது.

"நூறு" என்றாள் அக்கா. "முடிஞ்சுது. வாங்க போலாம்."

அத்தான் தலையைத் தூக்கவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இரு, இதை இப்படியே விட்டுட்டு வர முடியாது" என்று மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. சிரித்தார். "எங்கடா வர்றே, போடா அந்தப் பக்கம்" என்று பந்தோடு பேசினார். சட்டை வெளியே வந்துவிட்டது, தலையெல்லாம் மணல். இன்னொன்று அடித்தார். அது ஏறக்குறைய மேலே போய் ஒரு கணம் நின்று, யோசித்து, திரும்ப இறங்கியது. அத்தான் மட்டையை ஊன்றிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு இது புதிதல்ல, ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். நூற்றிருபது அடிக்கிற நாளிலும் பதினேழு குழிவரை மனிதர் இப்படித்தான் இருப்பார். பதினெட்டு முடிந்து கூட்டிப் பார்த்த பிறகுதான் முகம் மாறும். அந்த முகத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அக்கா மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இவர் இங்க எப்பவும் இப்படித்தான் இருப்பாரா?"

"ஆமாக்கா."

"இதை ஏன்டா நீ எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலை?"

சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நிறுத்துறதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீங்க அடிங்க. நான் எண்ணுறேன்."

ஒருவழியாகப் பந்து மேலே எழும்பிப் புல்லில் விழுந்தது. அத்தான் பின்னாலேயே கையை ஊன்றி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"எத்தனை?" என்றார்.

"ஏழு" என்றாள் அக்கா.

"எட்டு. நடுவுல ஒண்ணு அடிக்கத்தான் வீசினேன், பந்துல படவே இல்லை, அதுவும் கணக்குதான். நீ அவன்கூடப் பேசிட்டிருந்தே."

"சரி, எட்டு" என்று திருத்திக்கொண்டு, அவர் அடுத்த அடி அடிப்பதற்காக அக்கா ஒதுங்கி நின்றாள்.